கிண்ணியாப் பாலமும் என் கரண்ட் சைக்கிளும்

எனக்குப் பயம் பிடித்த இடம் கிண்ணியாப் பாலம். பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்தேன். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா, இரண்டுக்கும் நடுவில் நான். திடீரென்று நெஞ்சு இறுகியது, விரல்கள் குளிர்ந்தன, உள்ளே போன மூச்சு வெளியே வர யோசித்தது. பஸ்ஸைப் பாலத்திலேயே நிறுத்தினார்கள். பக்கத்து சீற்றில் இருந்த யாரோ ஓர் அம்மா தன்னிடமிருந்த சோடாவில் பாதியைக் குடிக்கத் தந்து, மீதியை என் தலையில் ஊற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என்னுடைய மரண அறிவித்தலை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். லைட் கம்பத்தில் ஒட்டும் நோட்டீஸுக்கு எந்தப் படத்தைப் போடுவார்கள் என்பது மட்டும் கவலையாக இருந்தது. வீட்டில் உடனே கைக்கு அகப்படக்கூடியது அடையாள அட்டைப் படம். அதில் நான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவன் மாதிரித்தான் இருப்பேன்.

டொக்டர் ஈசிஜி தாளைப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, இது வெறும் பதட்டம் என்றார். மனைவி கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்ததை நிறைவேற்றினார். எனக்கோ கொஞ்சம் மானக்கேடாக இருந்தது. ஒரு பஸ்ஸையே நிறுத்திய மனிதனுக்கு ஒரு சின்ன அடைப்பாவது இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் தனியாக எங்கும் போகவில்லை. ஓர்ஸ் ஹில்லில் வீடு, நடந்து போகும் தூரத்தில் நான் வேலை பார்க்கும் கந்தோர். அந்த இரண்டுக்கும் இடையில் என் உலகம் சுருங்கிப் போனது. சந்தைக்குப் போவதென்றாலும் மனைவி கூட வர வேண்டும். கந்தோரில் நான் விடும் பகிடிகளைக் கேட்டு வயிறு பிடித்துச் சிரிப்பவர்களுக்கு, மத்தியானம் வாசலில் குடையோடு நிற்கும் என் மனைவி எதற்காக நிற்கிறார் என்று தெரியாது. நல்ல அன்பான சோடி என்று நினைத்தார்கள்.

பெற்றோல் வரிசைகள் ஊரைச் சுற்றி வளைத்த காலத்தில் பலரும் சைக்கிளுக்கு மாறினார்கள். அந்தச் சாட்டில் நானும் ஒரு கரண்ட் சைக்கிள் வாங்கினேன். பெற்றோல் ஒரு சாட்டுத்தான். பஸ்ஸில் பயம் வந்தால் இறங்க இன்னொருவரைக் கேட்க வேண்டும், இதில் நானே இறங்கலாம் என்பதுதான் உண்மைக் காரணம். மிதித்தால் மோட்டர் கூட வந்து தள்ளும். ஏற்றத்தில் யாரோ பின்னால் நின்று முதுகில் கை வைத்ததுபோல இருக்கும்.

முதலில் உள்துறைமுக வீதி. விடியற்காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும், கப்பல்கள் அதன் மேல் ஒட்டி வைத்தவை போல நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தது கைபிடியில் இருந்த சின்னத் திரையில் பற்றரியின் கோடுகளை. பிறகு டச்சுக் குடாப் பக்கம். அங்கே புள்ளிமான் ஒன்று றோட்டுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். இருவரில் யார் அதிகம் நடுங்கினோம் என்று சொல்ல ஏலாது. ஆனால் விலகியது நான்தான். இருந்தாலும் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கூடுதலாகப் போனேன். உப்புவெளி வந்தது. ஒருநாள் சல்லி என்ற மீனவக் கிராமம் வரைக்கும் போய், காயப்போட்ட கருவாட்டின் நடுவே நின்று, தனியாக வந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது சல்லி மணலில் மோட்டர் நின்றது. எனக்கு நெஞ்சு இறுகியது. மனைவியின் தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். அவன் தன் ஆட்டோவைக் கொண்டு வந்து, சைக்கிளைப் பாதி உள்ளே பாதி வெளியே கட்டி, அதன் சில்லை என் மடியில் வைத்து ஊருக்குள்ளால் ஊர்வலமாகக் கொண்டு வந்தான். அடுத்த மாதம் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்கித் திரும்பி ஏறும்போது மறுபடி நின்றது. மறுபடி ஆட்டோ, மறுபடி சில்லு. இரண்டு முறையும் கடையில் கொடுத்துப் பார்த்தேன். ஓடிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பிழையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். அதே வசனத்தை ஆஸ்பத்திரியிலும் கேட்டிருக்கிறேன்.

மைத்துனனுக்கு அந்தச் சைக்கிளில் ஒரு கண். வரும்போதெல்லாம் காற்றை அமத்திப் பார்ப்பான், செயினுக்கு எண்ணெய் விடுவான். ஒருநாள் என்னைக் கேட்காமலே அதில் ஏறி இருந்துகொண்டு சொன்னான்:

"அத்தான், சீற்றைக் கொஞ்சம் உயத்தி வையுங்கோ. எனக்கு உயரம் காணாது."

அன்றைக்கே மனைவி தீர்ப்பு எழுதிவிட்டார். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல்:

"இஞ்சேருங்கோ, கிண்ணியாவுக்குப் போட்டு அதிலயே திரும்பி வாங்கோ. வந்தா சைக்கிள் உங்கட. இன்னொருக்கா உங்களை ஏத்திவர வாகனம் ஏதும் போச்செண்டா, தம்பி கொண்டு போகட்டும். நீங்கள் றோட்டுக் கரையில நிண்டு ஃபோன் எடுக்கிற ஒவ்வொருக்காவும் எனக்கெல்லோ உயிர் போகுது."

பாலம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. சைக்கிள் போனால் கந்தோரும் வீடும் குடையும்தான் மிச்சம் என்பது எனக்குத் தெரியும். போகிறேன் என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது, ஆனால் வந்தது.

கிண்ணியாவில் என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பன் இருக்கிறான். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். வெள்ளி முழுக்கப் பையைக் கட்டினேன். தண்ணீர், குளிசை, சோடா, இஞ்சி பிஸ்கட், டோர்ச், கட்டுத்துணி, என் பெயரும் இரத்த வகையும் எழுதிய துண்டு. ஒரு சின்ன யுத்தத்துக்குப் போதுமான சாமான்.

சனிக்கிழமை காலை கச்சான் காற்று ஆரம்பித்திருந்தது. பாலையூற்று தாண்டி, சீனக்குடாவுக்குத் திரும்பி, துறைமுகத்தைச் சுற்றி வளைந்து போகும் றோட்டில் ஓடினேன். ஒரு புறம் காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள், மறுபுறம் மரங்களின் இடைவெளியில் நீலமாகத் தண்ணீர். குரங்குகள் மதிலில் வரிசையாக இருந்து என்னைப் பரிசோதித்தன. அன்றுதான் முதன்முறையாகத் திரையை விட்டுத் தண்ணீரைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு காலமும் ஊரார் பொய் சொல்லவில்லை.

பாலத்தின் தொடக்கத்தில் காலை ஊன்றி நின்றேன். ஓரத்தில் தூண்டில் போடுகிறவர்கள் இருந்தார்கள். காற்று சேர்ட்டை ஊதிப் பெருப்பித்து என்னைக் கர்ப்பிணி ஆக்கியது. கை குளிர ஆரம்பித்தது. பழைய ஆள் வந்துவிட்டான் என்று தெரிந்தது. திரும்பிப் போகலாம், காற்றின் மேல் பழியைப் போடலாம் என்று உள்ளே ஒருவன் மிக மரியாதையாகச் சொன்னான். நான் பாலத்தில் ஏறினேன்.

நடுப் பாலத்துக்கு வரும்போது நெஞ்சு நன்றாக இறுகிவிட்டது. சாவதென்றால் அந்தக் கரைக்குப் போய்ச் சா, இங்கே விழுந்தால் சைக்கிள் நேரே மைத்துனனுக்குத்தான் போகும், செத்த வீட்டிலேயே சீற்றை உயர்த்திவிடுவான் என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். அது கொஞ்சம் வேலை செய்தது. கோபத்துக்கு நெஞ்சில் இடம் கொடுத்தால் பயத்துக்கு இடம் குறைகிறது. அப்போது மோட்டர் நின்றது.

கச்சான் ஒரு பக்கம் தள்ள, அந்தப் பாரமான சைக்கிளை நானே மிதித்தேன். எருமையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மிதிப்பதுபோல இருந்தது. தூண்டில்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வந்த கிண்ணியா ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்து என் பக்கமாக வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, ஏலாட்டி ஏறுங்க, காசும் வேணாம் என்றார். இல்லை என்றேன். அவர் போகவில்லை. நான் நடக்கும் வேகத்தில் ஓட, அவரும் அதே வேகத்தில் ஓடினார். முகமெல்லாம் வேர்த்திருக்கு, எங்கட வாப்பாவின் வயசு இருக்கும் உங்களுக்கு, கேட்க மாட்டீங்களா என்றார். வாப்பாவின் வயதா? எங்கள் பக்கத்தில் உதவியை வேண்டாம் என்று சொல்வது, பாலத்தைக் கடப்பதை விடக் கஷ்டம். வாயால் சொன்னால் வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். எனவே இடது கையைத் தூக்கி, போங்கோ போங்கோ என்று பலமாக வீசினேன்.

சைக்கிள் துள்ளிப் பாய்ந்தது. ஆட்டோ பின்னுக்குப் போனது.

பேயோ என்று பயந்து இடது கையைத் திரும்பக் கைபிடியில் வைத்தேன். மோட்டர் நின்றது. எடுத்தேன், ஓடியது. வைத்தேன், நின்றது. அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன். இரண்டு விரல்கள் பிறேக்கில் கொழுவி, வெள்ளையாகிப் போகும் அளவுக்கு அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறேக் பிடித்தால் மோட்டர் தானாக நிற்கும்படி அந்தச் சைக்கிளைச் செய்திருக்கிறார்கள். சில்லு பிடிபடாத அளவுக்கு மெல்லத் தொட்டாலே போதும். வாங்கிய அன்று கடையில் விளக்கினார்கள்தான். நான் அன்று ஹெல்மெட்டின் வார் கழுத்தை நெரிக்கிறதா என்ற ஆராய்ச்சியில் இருந்தேன்.

சல்லி மணலில் நின்றதும், ஓர்ஸ் ஹில்லில் நின்றதும் நான்தான். கடையில் பயமில்லாத பையன்கள் ஓடிப் பார்த்தால் அது எப்படி நிற்கும்? பாலத்தின் நடுவில், வேர்வையோடு, தனியாகச் சிரித்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரருக்கு அது இன்னும் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கிண்ணியாக் கரை வரைக்கும் அவர் என்னை விடவில்லை.

நண்பன் வீட்டில் மாட்டிறைச்சிக் கறியும் சோறும், அதற்கு மேல் எருமைத் தயிரும். சாப்பாட்டுக்கு முன் சைக்கிளைச் சார்ஜில் போடலாம் என்று பையைத் திறந்தேன். குளிசை இருந்தது, சோடா இருந்தது, இரத்த வகை இருந்தது. சார்ஜர் வீட்டில் இருந்தது.

பற்றரியில் பாதிக்கும் குறைவு. நண்பன் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"லொறி சும்மாதான் நிக்கிது மச்சான். ஏத்திக் கட்டினா அஞ்சு நிமிசம். வீட்டுக்கு முன்னுக்கே இறக்கி உர்றன், உன்ட பொஞ்சாதிக்கு ஆரு சொல்ற?"

நான் மனைவியின் தீர்ப்பைச் சொன்னேன். அவன் மனம் நொந்துபோனான். என் லொறி உனக்கு வாகனமா, அது நம்ம வீட்டுச் சாமான் என்று வாதாடினான். எழும்பி நின்று விடை கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் தயிர்ச்சட்டி ஒன்றைத் தன் கையாலேயே கைபிடியில் கட்டிவிட்டான். பாரம் கூடியது. அதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் இரண்டு விரல்களையும் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டே ஓடினேன். பயம் வரத்தான் வந்தது. விரல் தானாக மடங்கப் பார்த்தது. நீட்டினேன். மடங்கியது, நீட்டினேன். கரை வந்தது. சீனக்குடா வரைக்கும் குறைந்த பவரில் சிக்கனமாக ஓடி, பாலையூற்றுக்கு வந்ததும் திரை அணைந்தது. இந்த முறை உண்மையாகவே பற்றரி இறந்துவிட்டது. எனக்கு ஃபோன் எடுக்கத் தோன்றவில்லை. மிதித்தேன். கால் முழங்காலுக்குக் கீழே இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் சில்லு சுற்றியது.

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தின் அடியில் மைத்துனனின் ஆட்டோ நின்றது. மத்தியானத்திலிருந்து அங்கேதான் நிற்கிறான் என்று பிறகு தெரிந்தது. அவன் அக்கா அனுப்பவில்லை. தானாக வந்தான். எதற்காக என்று இன்றைக்கும் நான் அவனைக் கேட்டதில்லை.

நான் இறங்கிச் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினேன். அவன் ஆட்டோவைப் பக்கத்தில் கொண்டு வந்தான்.

"அத்தான், ஏறுங்கோ. மூலையில இறக்கி விடுறன். அக்காட்டச் சொல்ல மாட்டன்."

முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. தயிர்ச்சட்டி ஆடிக்கொண்டிருந்தது. வெயில் துறைமுகத்துக்குள் சாய்ந்திருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் தள்ளினேன். அவன் பின்னால், முதலாம் கியரில், உறுமிக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் மனைவி நின்றார். அவர் பார்த்த காட்சி இதுதான்: நடந்து வரும் கணவன், ஓடாத சைக்கிள், பின்னால் தம்பியின் ஆட்டோ. முகம் மாறியது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அவர் என்னைக் கேட்கவும் இல்லை. நேரே தம்பியிடம் போனார்.

"எங்கயிருந்து ஏத்திக்கொண்டு வந்தனி?"

என் சைக்கிளின் சொந்தக்காரர் யார் என்பதைச் சொல்ல வேண்டியவன், அதற்கு ஆசைப்பட்ட ஒரே மனிதன். அவன் ஆட்டோவை நிறுத்தினான். சைக்கிளை ஒருதரம் பார்த்தான், முக்கியமாக அதன் சீற்றை.

"ஏத்தேல்லையக்கா. அடியில நிண்டு கெஞ்சிப் பாத்தன், திரும்பியும் பாக்கேல்ல. மனுசன் தள்ளிக்கொண்டே வந்திட்டார்." பிறகு இறங்கி வந்து கைபிடியிலிருந்த கட்டை அவிழ்த்தான். "தயிரையாவது எனக்குத் தாங்கோ."

மனைவி அவனுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் படியில் இருந்தேன், எழும்ப ஏலாமல்.