பிரேக் வாத்தியார் ஊர் சுற்றக் கிளம்பியது

எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் வாத்தியாரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், ஆபத்துக்கு மிதிக்க. இவரோ ஆபத்து வருமோ என்ற நினைப்பு வந்தாலே மிதித்துவிடுவார். தெருமுனையில் ஒரு பூனை சோம்பல் முறித்தால் போதும், வண்டி குலுங்கி நிற்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

காலையிலிருந்து மாலைவரை வண்டியிலேயே இருக்கும் மனிதர், ஆனால் போகும் தூரம் என்னவோ செக்குமாடு போகிற தூரம்தான். பூங்காவை ஒரு சுற்று, தபால் நிலையம், தண்ணீர்த் தொட்டி மேடு, மறுபடி பூங்கா. ஊர் எல்லையிலுள்ள பாலத்தைத் தாண்டச் சொன்னால் ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பார்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், மேசை விளக்கின் கீழே உட்கார்ந்து வில்லைகளின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவார். கடைக்கு வெள்ளையடிக்க ஒரு வாரம் மூடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று, வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"என்னங்க, இந்தத் தடவை ஊர் சுத்தப் போறோம். நாள் முழுக்க மூக்குக்கு முன்னாடி இருக்கிறதையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. தூரத்துல இருக்கிறதை எதையாவது பார்க்கணும்."

பெண் படித்து முடிக்கட்டும், மழை விடட்டும் என்று வருடக்கணக்கில் ஆறப்போட்ட விஷயம். பெண்ணும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள், மழையும் விட்டிருந்தது. வாத்தியாருக்குச் சாக்கு அகப்படவில்லை.

சரி என்று ஒத்துக்கொண்டவர், ஒத்துக்கொண்டபிறகு காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் பறந்தார். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் டம்ளர் வைத்து, வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார். மூன்று ஏரிகள், வழியில் சின்னச் சின்ன ஊர்கள், ஊருக்கு ஊர் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தபோது எல்லாவற்றையும் பெருமையாக வாசித்துக் காட்டினார். அந்தத் தம்பி மருந்துக்கடைக்காரர். கையோடு ஒரு பெட்டி நிறைய மாத்திரை கொண்டுவந்திருந்தார்.

"எட்டே கால், முதல் ஏரி. எட்டு அம்பத்தஞ்சு, ஏரி முடிஞ்சுது" என்று வாசித்தார் வாத்தியார்.

"ஏரி எப்படிங்க முடியும்?" என்றார் மனைவி.

"பார்த்து முடிச்சாச்சுன்னு அர்த்தம்."

"ஏரின்னா கரையில உட்காரணும். ஒண்ணும் பண்ணாம உட்காரணும். நீங்க போட்டு வெச்சிருக்கிறதைப் பார்த்தா ரயில்கூட மூச்சு வாங்கும்."

தம்பி மாத்திரைப் பெட்டியை மேசையில் வைத்தார். "வாந்தி மாத்திரை மேல் தட்டுல இருக்கு அக்கா. மாமா பிரேக்குக்கு அது இல்லாம ஆகாது. அது சரி மாமா, இவ்வளவு தூரம் நீங்க ஒருத்தரே ஓட்டுவீங்களா? கை வலிச்சா?"

"வேற யாரு ஓட்டுவா?"

"நான் ஓட்டுவேன்" என்றார் மனைவி.

வாத்தியார் சிரித்தார். காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவிக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிப்போய், தபால் நிலையம் போவதற்குள் வாத்தியார் மிதித்த மிதியில் அந்த அம்மாள் நடுவழியில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் எடுத்ததில்லை.

மனைவி ஆணியில் தொங்கிய பயிற்சி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாத்தியாரும் தம்பியும் ஜன்னலுக்கு ஓடினார்கள். குறுகிய வாசல், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர். வண்டி பின்னாலேயே போய், சுவரையும் ஸ்கூட்டரையும் உரசாமல் தெருவில் இறங்கி, அழகாகத் திரும்பி நின்றது. குறை சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றார், மனைவி உள்ளே வந்ததும்.

"சந்தைப் பக்கம் புதுசா பள்ளி ஆரம்பிச்சிருக்காங்களே, அந்தம்மாகிட்ட. கடை விட்டதும் போயிட்டு வருவேன்."

"அவங்க என்கிட்ட கத்துக்கிட்டவங்க!"

"சொன்னாங்க. எதையெல்லாம் செய்யக்கூடாதுன்னு உங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்களாம்."

தம்பி வரைபடத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வாத்தியார் விளக்கெண்ணெய் குடித்தவர் முகத்தோடு அன்று முழுவதும் வளைய வந்தார். கோபம் ஒரு பங்கு என்றால், வண்டி வாசலில் இறங்கின அழகு கண்ணைவிட்டுப் போகாதது இரண்டு பங்கு. தன்னிடம் படித்த யாரும் அப்படிப் பின்னால் எடுத்ததில்லை என்பது அவருக்கே தெரியும்.

மறுநாள் காலை மெக்கானிக்கிடம் போனார்.

"பிரேக்குல என்ன கோளாறு வாத்தியாரே?"

"கோளாறு இல்ல. என் பக்கத்து பிரேக்கைக் கழட்டணும்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு வாரத்துக்குத்தான்யா. கழட்டு."

வீட்டில் இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

முதல் நாள் அவரே ஓட்டினார். பாலத்தைத் தாண்டும்போது உள்ளங்கை வியர்த்தது, தாண்டியபின் அது அப்படியொன்றும் பெரிய பாலமாகத் தெரியவில்லை. ஏரிக்கரையில் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டார். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளம்பலாமா?"

"இன்னும் உட்காரவே ஆரம்பிக்கலை."

மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டு ஒரு மீனும் பிடிக்காமல் சந்தோஷமாக இருந்தார். அவரிடம் வாத்தியார் வெகுநேரம் பேசினார். திட்டத்தில் அந்த நேரத்துக்கு இரண்டு ஊரும் ஒரு பூங்காவும் முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மனைவி ஓட்டினார். கூரைமேல் பயிற்சிப் பள்ளிப் பலகை அப்படியே இருந்ததால் லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு வளைவில் ஆடுகள் கூட்டமாகக் குறுக்கே வந்தன. வாத்தியாரின் கால் பாய்ந்தது. வெறும் தரைதான் தட்டுப்பட்டது. மனைவி பதறாமல் வண்டியை நிறுத்தி, ஆடுகள் போகும்வரை காத்திருந்துவிட்டு, அவர் காலடியை எட்டிப் பார்த்தார்.

"எங்கங்க பிரேக்கு?"

"கழட்டிட்டேன்."

"எப்போ?"

"கிளம்புறதுக்கு முன்னாடி. நீ ஓட்டும்போது நான் மிதிச்சுடக் கூடாதுல்ல."

சிரிக்க ஆரம்பித்த மனைவி, கண்ணில் நீர் வர, வண்டியை ஓரங்கட்டும் அளவுக்குச் சிரித்தார்.

"இதைக் கல்யாணமான புதுசுலயே கழட்டியிருக்கலாம்" என்றார்.

அதன்பிறகு வெயில் சாய்ந்து, காற்று இதமாக வீச, வாத்தியாருக்குத் தன்னை அறியாமல் கண் செருகியது. ஓடும் வண்டியில், இன்னொருவர் ஓட்ட, அவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தூங்கினார். கண் விழித்தபோது வண்டி ஒரு மரத்தடியில் நின்றிருந்தது. எதிரே சின்னப் பூங்கா, நடுவில் ஒரு குளம், வாத்துகள். வாடகைப் படகுகள் இரண்டு கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஒரு பெண் சுருக்கிய குடையோடு நாயை நடத்திக்கொண்டு போனாள்.

"எந்த ஊரு இது?" என்றார் வாத்தியார்.

"தெரியலைங்க. பார்க்க நல்லா இருந்துச்சு, நிறுத்திட்டேன். டீக்கடை அந்தப் பக்கம் இருக்கு."

வாத்தியார் இறங்கி முதுகை நிமிர்த்தினார். அந்த ஊரில் இரண்டு நாள் தங்கினார்கள்.