சரிகையால் தைத்த இருபத்து நான்கு மூட்டைகள்

போன பிப்ரவரியில் காஞ்சிபுரத்திலிருந்து மியான்மர் போய்வந்தேன். சுற்றுலா அல்ல. ஐயம்பேட்டையில் மாவு மில் வைத்திருக்கும் எஸ்தர், எல்லைக்கு அப்பால் சண்டைக்குத் தப்பி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் இருபத்து நான்கு குடும்பங்களுக்குச் சத்துமாவு அரைத்திருந்தார். குடும்பத்துக்கு ஒரு மூட்டை, பத்து கிலோ. துணைக்கு என்னை அழைத்தார். வீரத்துக்காக யாரும் என்னை எங்கும் அழைத்ததில்லை.

மூட்டைகள் மூன்று வாரம் முன்பே லாரியில் போய்விட்டன. நாங்கள் விமானத்தில் இம்பால் (கொல்கத்தாவில் மாற வேண்டும், ஆளுக்கு ₹9,400). அங்கிருந்து எல்லையிலுள்ள மோரே 110 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். வழியில் மணிப்பூர் கலவரத்தில் எரிந்த வீடுகளை எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

மோரேயில் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்த முருகன்தான் எங்கள் ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர். "நாலு மணிக்கு பார்டர் கேட்டை மூடிடுவாங்க சார். மூடிட்டா மறுபடி எப்போ திறப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாது" என்றார்.

வந்து சேர்ந்திருந்த மூட்டைகளை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டினோம். மூன்றாவது கிலோமீட்டரில் துப்பாக்கிக்காரர்கள் நிறுத்தினார்கள். மணி 2.10. எந்தத் தரப்பு என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் எல்லாத் தரப்பையும் ஆதரித்தேன். ஒருவன் மெட்டல் டிடெக்டரை முதல் மூட்டையில் வைத்தான். அலறியது. இரண்டாவதிலும் அலறியது. துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

எஸ்தர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சணல் தீந்துபோச்சுன்னு எங்க வீட்டுக்காரரு தறியில மிச்சமான சரிகையில தைச்சிட்டாரு சார்."

காஞ்சிபுரத்தில் இது நியாயமான காரணம். சரிகையில் செம்பும் வெள்ளியும் இருப்பதை முருகன் பர்மிய மொழியில் விளக்கினார். மூட்டையில் உலோகம் இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குப் புரிந்தது.

ஒவ்வொரு மூட்டையாகப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்ததில் ஒரு பிடி மாவை எஸ்தர் தின்ன வேண்டும். பிறகு அவர் சாகிறாரா என்று சற்று நேரம் பார்ப்பார்கள். எட்டாவது மூட்டையில் மாவு தொண்டையில் அடைத்து அவர் இருமியபோது, ஒருவன் என் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியை வைத்தான்.

"போதும்மா, திரும்பிடலாம்" என்றேன்.

"நான் தின்னுக்கினு இருக்கேன் இல்ல? நீ பிரி சார்."

பிரித்தேன். சரிகை விரலை அறுத்தது.

3.25க்குப் பதினைந்து மூட்டை முடிந்திருந்தது. மீதி ஒன்பதையும் அங்கேயே இறக்கிவிட்டுப் போகச் சொன்னார்கள். இறக்கிவைத்துக் கிளம்பினோம்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் பெயர்ப்பட்டியலோடு நின்றிருந்தார். மூட்டைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முருகன் வாய் திறப்பதற்குள், பதினைந்தையும் ஒரே தார்ப்பாயில் கொட்டி, டம்ளரால் இருபத்து நான்கு பங்காக அளக்கத் தொடங்கினார். முடியும்வரை எங்களால் நிற்க முடியவில்லை. மணி 3.40.

போகிறவர்களுக்கு: மூட்டையைப் பருத்தி நூலால் தையுங்கள். குடிக்கத் தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பயத்துக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

எஸ்தர் மறுபடியும் அரைத்துவிட்டார். "ஒம்பது மூட்டை குறையுது. வர்றியா சார்?" என்று கேட்டு மூன்று நாள் ஆகிறது.