இரண்டு பேட்டரி, ஒரே வரம்பு

ஜார்ஜ் டவுனில் நான் வேப் எனும் மின்சிகரெட் கடை வைத்திருந்தபோது ஒரு காலையில் வந்த பெண் அவர். பாயான் லெப்பாஸ் பகுதித் தொழிற்சாலைச் சீருடை, இரவு வேலை பார்த்துச் சிவந்த கண்கள். கணவரின் வேப்பைக் கைக்குட்டையில் சுற்றி, உடம்பில் படாமல் பிடித்திருந்தார்.

“ரொம்ப சூடாகுது தம்பி. அவரு இத சட்டைப் பையில போட்டுக்கிட்டே லோரி ஓட்டுறாரு.”

திறந்து பார்த்தேன். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத வகை. உள்ளே இருபது ஆம்பியர் தாங்கும் பேட்டரிகள் இரண்டு. புகைக்காகச் சூடாகும் கம்பிச்சுருளைக் கணவரே சுற்றிப் போட்டிருந்தார்; அதுவோ முப்பது இழுக்கும்.

“ரெண்டு இருக்குல்ல, நாப்பது தாங்காதா?”

“பக்கத்துல பக்கத்துல இணைச்சிருந்தா ஆளுக்குப் பாதி கரண்ட்டுக்கா. இதுல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. வோல்ட்டுதான் கூடும். முப்பதும் ரெண்டு வழியாவும் முழுசா போகும். வெடிச்சாலும் வெடிக்கும் லா.”

“அப்ப கம்பிய மாத்திருங்க. அவருக்குத் தெரிய வேணாம்.”

“இந்தப் பழக்கத்தையே விடச் சொல்லலாமேக்கா?”

“சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன் தம்பி.”

குறைவாக இழுக்கும் சுருளைப் போட்டுக் கொடுத்தேன். “எனக்கு இந்த வாடையே ஆகாது” என்றபடி அவரே அதை இழுத்துப் பார்த்தார். இருமல் வந்தது, கண்ணில் நீர் வழிந்தது. விடாமல் மறுபடியும் இழுத்தார். பிறகு அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“சூடு இல்ல” என்றார். நன்றி சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அப்புறம் அவர் வரவில்லை. என் கடையில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், அவர் தன் கணவரை ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாமே என்று இன்னமும் தோன்றுகிறது.