பேச்சியம்மாள் வெட்டிய கொடி

எனக்குத் தலைச்சுற்று உண்டு. அதுவும் ஒருவகை ஒற்றைத் தலைவலிதான், வலி இல்லாமல் கிறுகிறுப்பும் மந்தமுமாக வரும் என்று தேனி டாக்டர் சொன்னார். அண்ணாந்து வேலை பார்க்கக் கூடாது என்றார். தள்ளாடினால் குடித்திருக்கிறான் என்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை.

திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன் அண்ணாந்து பார்க்காமல் எப்படி? கவாத்து அன்று ஸ்டூலில் ஏறிப் பந்தலில் கொடி வெட்டிக்கொண்டிருந்தேன். தலை சுழன்றது. கொஞ்ச நேரம் என்ன செய்கிறேன் என்றே புரியவில்லை. தெளிந்து பார்த்தால், வெட்டவே கூடாத தாய்க்கொடி துண்டாகித் தொங்கியது. பக்கத்தில் கத்தரியோடு நின்றது வேலைக்கு வந்த பேச்சியம்மாள் மட்டும்தான்.

“கண்ணு தெரியலைன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதான!” தோட்டத்தில் வேலை பார்த்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவர் குனிந்து, கீழே கிடந்த கொடிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் வந்தார்.

“அண்ணே, வெட்டுனது நீங்கதான். கண்ணு சொருகுச்சு. விழுந்துருவீகன்னு நான் ஸ்டூலப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“குடிச்சிருக்கீகன்னு பேசுவாகல்ல?”

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். நோயைப் பற்றியும் பிறகு எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கொடியை வெட்டியது யார் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. தோட்டத்தில் இன்றைக்கும் அது பேச்சியம்மாள் வெட்டிய கொடிதான்.