வாட்டர் பாட்டிலும் ஒரு பேட்டரி காரும்

போன வாரம் லஸ் சிக்னலில் நின்றிருந்த என் புது எலெக்ட்ரிக் காரைப் பின்னால் வந்த ஓர் ஆட்டோ தொட்டது. இடித்தது என்று சொன்னால் அந்த ஆட்டோவே கோபித்துக்கொள்ளும். ‘டொக்’ — அவ்வளவுதான்.

ஆனால், நான் யார்? கார் வாங்கிய நாள் முதல் பேட்டரி வெடிக்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தேர்ச்சி பெற்றவன் அல்லவா? “எது மோதினாலும் முதல்ல உன்னை வெளியே இழுத்துட்டுத்தான் நான் இறங்குவேன்” என்று மனைவி கோமதியிடம் சத்தியம் வேறு செய்திருந்தேன்.

‘டொக்’ கேட்டதும் என்ன செய்தேன்? கதவைத் திறந்தேன். ஓடினேன். தனியாக.

ஓடியவன் எங்கே போய் உட்கார்ந்தேன் என்பதுதான் விசேஷம். இடித்த அதே ஆட்டோவின் பின் சீட்டில்.

“இன்னா சார், வண்டிய உட்டுட்டு இங்க வந்து குந்திக்கினே?” என்றார் டிரைவர்.

“பேட்டரி வண்டிப்பா... வெடிச்சிடும்.”

“அம்மா உள்ளயே கீறாங்களே?”

எட்டிப் பார்த்தேன். கோமதி சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. மடியில் மல்லிகைப்பூப் பொட்டலம். கழுத்தை மட்டும் திருப்பி, பின் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தேவலை போலிருந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு வாட்டர் பாட்டில் தெரிந்தது. எடுத்து மூடியைத் திருகினேன்.

“சார், சார்... அது தண்ணி இல்ல, பெட்ரோல். வண்டி நடுரோட்ல நின்னுட்டா ஊத்திக்கலாம்னு வெச்சிக்கிறேன்” என்று பிடுங்கிக்கொண்டவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெடிக்கும்னு பயந்துக்கினு ஓடியாந்து பெட்ரோல் மேல குந்திக்கினு கீறியே நைனா.”

நியாயம்தானே? கல்லூரிக் காலம் முதல் பைக்கில் பெட்ரோல் டாங்கைக் கட்டிப்பிடித்தபடி சுற்றியவன் நான். ஒரு நாளாவது பயந்ததுண்டா? பழகிய ஆபத்து நமக்குச் சம்பந்தி மாதிரி... வாசலில் நின்றால் காபி கொடுக்கிறோம். புது ஆபத்து என்றால்தான் கதவைச் சாத்துகிறோம்.

அசட்டுச் சிரிப்போடு காருக்குத் திரும்பினேன். கோமதி கண்ணாடியை இறக்கினாள்.

“ஏன்னா, ஆத்துக்கு எதுல வரேள்? இதுலயா, ஆட்டோலயா?”

அதற்குப் பிறகு வீடு வரை பேச்சே இல்லை.

மறுநாள் இருவருமாகக் காரை சர்வீஸ் சென்டரில் காட்டினோம். பம்பரில் ஒரு கீறல், வேறொன்றுமில்லை. மெக்கானிக் விளக்கினார்.

“பலமா மோதினா கரன்ட்டை அதுவே கட் பண்ணிடும் சார். பெட்ரோல் வண்டி மாதிரி சட்டுனு பத்திக்காது. ஆனா பத்திக்கிச்சுன்னா அணைக்கிறதுதான் பெரும்பாடு. அணைஞ்ச மாதிரியே இருக்கும்... சில நாள் கழிச்சுத் திரும்பவும் பத்திக்கும்.”

அவர் சொன்னது காரைப் பற்றித்தான். நான் ஏன் கோமதியைத் திரும்பிப் பார்த்தேன் என்றுதான் தெரியவில்லை.