வீட்டில் போட்ட ஜாதிக்காய்

சமையலறையில் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. என் இரண்டு வயது மகன் குப்பைத்தொட்டியைக் கிளறுகிறான். ஊறுகாய் வாங்கி வந்த கடை உறையை அதில்தான் போட்டிருந்தேன். கூடத்தில் என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் ஜாதிக்காய் ஊறுகாயைச் சப்பிக்கொண்டே, "நீயே போட்டதாம்மா?" என்று கேட்க, நான் இப்போதுதான் ஆமென்று தலையாட்டியிருந்தேன்.

என் சிறுவயதில், சுங்கை பினாங் வீட்டில், ஒரு தீபாவளியன்று அம்மாவும் பாசார் கடையில் வாங்கிய ஊறுகாயைப் போத்தலில் கொட்டி, "வீட்ல போட்டதுலா, எடுங்கக்கா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் நீட்டினாள். நடக்கப் பழகியிருந்த தம்பி கடை உறையைக் கொண்டுவந்து அந்த அக்கா மடியில் வைத்தான். அம்மா வெகுநேரம் தரையையே பார்த்தாள்.

இப்போது மகனும் உறையோடு கூடத்துக்கு ஓடி வந்தான். மாமியார் பார்ப்பதற்குள் அம்மா அவனை அள்ளி மடியில் போட்டு, உறையைத் தன் கைப்பைக்குள் திணித்தாள்.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன், சம்பந்தி" என்றாள்.