வாழைக் குழியில் முருகையா

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தால், நமக்கு முன்னாலேயே வைத்தியம் பார்த்து முடித்துவிட்ட மொத்த லயத்து வரிசை வீட்டுச் சனத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். என்னைப் போலத் தோட்டங்களில் குப்பை கொட்டுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

மண் இழுக்குமாம்

எங்கள் தோட்டம் பதுளையை அடுத்த ஹாலிஎலப் பக்கம். கோயில் திருவிழாவுக்கு ஈரக்காலோடு லைட் கட்டப் போன முருகையாவைக் கரண்ட் அடித்துவிட்டது. மெயின் சுவிட்சை உடனே நிறுத்திவிட்டார்கள், அதுவரை கெட்டிக்காரர்கள்தான். அப்புறம்தான் கூத்து. உடம்பில் ஏறின கரண்டை மண் இழுக்குமாம். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஆளைத் தூக்கி, அவர் சம்சாரம் மாரியாயி வாழை வைக்க வெட்டியிருந்த குழியில் போட்டு, நெஞ்சு வரைக்கும் மண்ணைத் தள்ளிவிட்டார்கள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தால் மூச்சு இல்லை. "தூக்குங்கய்யா வெளியே!" என்று கத்தினேன். மம்பட்டியோடு நின்ற தோட்டத் தலைவர் நிதானமாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்க மிஸ், இன்னும் முழுசா எறங்கல."

ரப்பர் செருப்பு

மாரியாயியும் நானும் வெறுங்கையால் மண்ணைத் தள்ளி ஆளை இழுத்துப் போட்டோம். கரண்டை நிறுத்திய பிறகு தொட்டால் ஒன்றும் ஆகாது என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன், யார் கேட்டார்கள்? நாடி இல்லை. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். "என் புள்ளைங்களோட அப்பா மிஸ், விட்டுடாதீங்க" என்று மாரியாயி கதறினாள். கடைசியில் ஒரு இருமல். அப்பாடா! எனக்கே அழுகை வந்துவிட்டது. தலைவர் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார்: "மிஸ் காலுல ரப்பர் செருப்பு, அதான் அவங்களுக்கு அடிக்கல."

வயர்

தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளங்கையில் மிளகளவு கருகல்தான். ஆனால் உள்ளே சதை எவ்வளவு வெந்திருக்கிறது என்று வெளியே தெரியாது, இதயமும் பிறகு தாளம் தப்பலாம். ஈ.சி.ஜி. எடுக்க நெஞ்சில் வயரை ஒட்ட வந்ததுதான் தாமதம், கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார் முருகையா: "ஐயோ, வாங்குனது போதும்ங்க, இன்னும் குடுக்காதீங்க!"

ஒரு சீப்பு

என் அமுக்கலில் விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. மற்றபடி சுகமாகித் திரும்பினார். ஒரு வருஷம் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். அதே குழியில் மாரியாயி வைத்த வாழையாம். நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கரண்ட் அடிச்சது ஞாபகமே இல்ல மிஸ், நீங்க அமுக்குனதுதான் இன்னும் வலிக்குது."

ஆளைப் புதைத்த குழியில் விளைந்த பழத்தைப் புதைபட்டவரே சுமந்து வந்து, தந்துவிட்டுக் குறையும் சொல்லிப் போகிற பாக்கியம் வேறெந்த உத்தியோகத்தில் கிடைக்கும், சொல்லுங்கள்!